மேலே திறக்கும் கதவு

வணக்கம். பழைய கார்களின் படங்களைப் பார்த்தாலே ஓர் ஏக்கம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி முகம் இருந்தது. இன்றைய கார்களில் சின்னத்தை மறைத்துவிட்டால் எது எந்தக் கம்பெனி என்றே தெரியாது. அன்றைய வடிவமைப்பாளர்களின் ரசனை எங்கே போனது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரசனை எங்கும் போய்விடவில்லை என்றே நினைக்கிறேன். நாம் மெய்மறந்து பார்க்கும் பழைய வடிவங்களில் பல, அழகுக்காக மட்டும் வரையப்பட்டவை அல்ல. ஏதோ ஒரு சிக்கலுக்கு ஒரு பொறியாளர் கண்ட வழி அவை.

மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரையே பாருங்கள். 1954இல் நியூயார்க்கில் அறிமுகமான கார். அதன் கதவுகள் பறவை சிறகை விரிப்பதுபோல மேல்நோக்கித் திறக்கும். காட்சிக்காகச் செய்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த அமைப்பு 1952இன் பந்தயக் காரிலிருந்து வந்தது. எடையைக் குறைக்க, மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்து அதன் சட்டகத்தைச் செய்தார்கள். வளையாமல் உறுதியாக நிற்க, அந்தச் சட்டகம் பக்கவாட்டில் உயரமாக இருக்க வேண்டியிருந்தது. வழக்கமான கதவு வரவேண்டிய இடத்தில் குழாய்கள் ஓடின. அப்புறம் கதவை எங்கே வைப்பது? கூரையை வெட்டி, கீலை மேலே பொருத்தினார்கள். அந்த உயரமான விளிம்பைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். அதற்கு வசதியாக ஸ்டியரிங் சக்கரமும் மடங்கும். 1957இல் கூரையில்லாத ரோட்ஸ்டர் வந்தபோது கீலை மாட்ட மேலே இடமே இல்லை. சட்டகத்தைப் பக்கவாட்டில் தாழ்த்தினார்கள். கதவும் சாதாரணக் கதவாகிவிட்டது.

பிரிட்டனின் மினி காரும் அப்படித்தான். 1956இன் சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. சிக்கனமான ஒரு சிறிய கார் வேண்டும், அதில் நான்கு பேர் உட்கார வேண்டும் என்று பொறியாளர் அலெக் இசிகோனிஸிடம் கேட்டார்கள். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் நுழைத்து, 10 அங்குலச் சக்கரங்களை மாட்டினார். 1959இல் வெளிவந்தபோது காரின் நீளம் சுமார் 3 மீட்டர்தான். அந்தச் செல்ல முகத்தைக் கொடுத்தது இடநெருக்கடிதான்.

முழுக்க அலங்காரமாகவே வந்தவையும் உண்டு, மறுக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் குழு, பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948 கேடிலாக்கில் சின்ன வால்துடுப்புகளை வைத்தது. 1959க்குள் அவை வானளாவ வளர்ந்துவிட்டன. எனக்கு அந்த முதல் சின்ன வால்தான் பிடிக்கும்.

சரி, இன்று ஏன் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன? எல்லோருக்கும் இப்போது கிட்டத்தட்ட ஒரே நிபந்தனைகள். எரிபொருளை மிச்சப்படுத்தக் காற்றின் எதிர்ப்பைக் குறைக்க வேண்டும். ஒரே காற்று எல்லா வடிவங்களையும் ஒரே பக்கம்தான் தள்ளுகிறது. விபத்து விதிகளும் அப்படியே.

1961இன் ஜாகுவார் இ-டைப் என் மனதுக்கு மிக நெருக்கமான கார். விமானத் துறையிலிருந்து வந்த மால்கம் சேயர் அதன் வளைவுகளைக் கணக்குப் போட்டே வரைந்தார். அவ்வளவு தாழ்ந்த பானெட்டை அப்படியே இன்று செய்வது மிகக் கடினம். பாதசாரியின் தலை மோதினால் தாங்கிக்கொள்ள, பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். கூரையைத் தாங்கும் அந்த மெல்லிய தூண்களும் தடிக்க வேண்டும், கார் உருண்டால் கூரை உள்ளே இருப்பவர்கள் மேல் நசுங்கிவிடக் கூடாது. இ-டைப்பை எவ்வளவு நேசித்தாலும், இந்த இரண்டு மாற்றங்களையும் நான் மனதார வரவேற்கிறேன்.

அன்புடன்.