ஹைடன்ஹைம் கால்பந்துக் கழகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜெர்மன் கால்பந்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் பேயர்ன் மியூனிக்கையும் டார்ட்மண்டையும் பற்றியே கேள்விகள் வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பல, ஹைடன்ஹைம் என்ற சிற்றூரின் கழகத்தைப் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கழகத்தின் பெயரிலேயே 1846 என்ற ஆண்டு இருக்கிறது. அவ்வளவு காலத்துக்கு முன்பே ஜெர்மனியில் கால்பந்து விளையாடினார்களா?

இல்லை. 1846இல் ஹைடன்ஹைமில் தொடங்கப்பட்டது ஓர் உடற்பயிற்சிச் சங்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் ஊர்கள் பலவற்றில் இப்படிப்பட்ட சங்கங்கள் தோன்றின. கால்பந்து இங்கிலாந்திலிருந்து வந்து ஜெர்மனியில் வேரூன்றியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். ஹைடன்ஹைமில் அது 1911இல் தொடங்கியது. அதன்பின் ஊர்ச் சங்கங்கள் பிரிவதும் இணைவதுமாக இருந்து, 1972இல் ஹைடன்ஹைமர் எஸ்.பி. என்ற பெரிய பல்துறை விளையாட்டுச் சங்கம் உருவாயிற்று. கால்பந்து அதில் ஒரு துறை மட்டுமே. வாள்வீச்சும் பேஸ்பாலும் அதே கூரையின் கீழ் வளர்ந்தன, அவற்றில் அவ்வூருக்கு நாடறிந்த பெயரும் உண்டு.

2007இல் கால்பந்துத் துறை தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்து, 1. எஃப்.சி. ஹைடன்ஹைம் 1846 என்ற பெயரில் தனிக் கழகமாயிற்று. ஆகவே ஆண்டு பழையது, கழகம் புதியது. தொழில்முறைக் கால்பந்தின் கணக்குவழக்குகளையும் உரிம நிபந்தனைகளையும் ஒரு பல்துறைச் சங்கத்துக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏற முடியாது என்று அப்போது பொறுப்பிலிருந்தவர்கள் கண்டுகொண்டார்கள். பின்னால் நடந்த அனைத்துக்கும் வழி திறந்த முடிவு அதுவே என்பது என் கருத்து.

கேள்வி: அந்த ஊர் எப்படிப்பட்டது?

பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஸ்வாபிய மலைப்பகுதியில், பிரென்ஸ் ஆற்றங்கரையில் உள்ள தொழில்நகரம். மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. காகித ஆலை இயந்திரங்களும் நீர்மின் டர்பைன்களும் செய்யும் ஃபாய்த் நிறுவனமும், கட்டுத்துணி முதலான மருத்துவப் பொருள்கள் செய்யும் ஹார்ட்மன் நிறுவனமும் இங்கேதான் தலைமையகம் கொண்டுள்ளன. ஊருக்கு மேலே ஹெலன்ஸ்டைன் என்ற பழைய கோட்டை நிற்கிறது. அது அமைந்த குன்றின் மேலேயே மைதானமும் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 555 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபாய்த் அரீனா, ஜெர்மன் தொழில்முறைக் கால்பந்தின் மிக உயரமான மைதானம் என்று சொல்லப்படுகிறது.

அதில் 15,000 பேர் பார்க்கலாம். ஊரின் மொத்த மக்களில் பத்துப் பேருக்கு மூன்று பேர் ஒரே மைதானத்துக்குள் அடங்கிவிடுவார்கள் என்றால், பெருநகரக் கழகங்களின் அளவுகோல் இங்கே ஏன் பொருந்தாது என்பது விளங்கும். ஆல்ப்ஸ்டாடியோன் என்று அழைக்கப்பட்ட பழைய மைதானமே, அணி ஒவ்வொரு படியாக மேலேறியபோது சிறிது சிறிதாக விரிவாக்கப்பட்டு இந்த அளவுக்கு வந்தது.

கேள்வி: ஃபாய்த் போன்ற பெரிய நிறுவனம் பின்னால் இருக்கும்போது இதை ஏழைக் கழகத்தின் வெற்றி என்று கொண்டாடுவது சரியா?

நியாயமான கேள்வி. ஹைடன்ஹைமை ஏழைக் கழகம் என்று சொல்வது தவறு. உள்ளூர்த் தொழில் நிறுவனங்களின் விளம்பர ஆதரவு இல்லாமல் இந்த வளர்ச்சி நடந்திருக்காது. மைதானத்தின் பெயரே அதற்குச் சான்று. ஆனால் ஆதரவாளர் என்பதும் உரிமையாளர் என்பதும் ஒன்றல்ல.

ஜெர்மனியில் '50+1' என்ற விதி 1998 முதல் நடப்பில் இருக்கிறது. தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாக மாற்றினாலும், வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களைக் கொண்ட தாய்ச் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். லெவர்குசன், வோல்ஃப்ஸ்புர்க் போன்ற சில கழகங்களுக்கு மட்டும் நீண்டகால ஆதரவாளர் என்ற காரணத்தால் விலக்கு கிடைத்தது. சிற்றூர்க் கழகம் என்றதும் பலரும் ஹைடன்ஹைமோடு ஒப்பிடும் ஹோஃபன்ஹைமும் அப்படி விலக்குப் பெற்றிருந்தது. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் அந்தக் கிராமத்தின் அணி, எஸ்.ஏ.பி. நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான டீட்மர் ஹாப்பின் சொந்தப் பணத்தால் உயர்ந்து, 2008இல் ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவுக்கு வந்தது. தாம் சிறுவயதில் விளையாடிய ஊர் அணிக்கு அவர் செய்தது அது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தனிமனிதரின் செல்வம் எந்த வேகத்தைத் தருமோ, அந்த வேகம் ஹைடன்ஹைமுக்குக் கிடைக்கவில்லை. 2004இல் மாநில அளவிலான ஓபர்லிகா, 2008இல் ரெகியோனல்லிகா, 2009இல் மூன்றாம் பிரிவு, 2014இல் இரண்டாம் பிரிவு, 2023இல் புண்டஸ்லிகா என்று படிக்குப் படி நின்று நின்றுதான் அது ஏறியிருக்கிறது.

கேள்வி: பயிற்சியாளர் ஃபிராங்க் ஷ்மிட் இத்தனை ஆண்டுகள் ஒரே கழகத்தில் நீடிப்பது எப்படிச் சாத்தியமாயிற்று?

ஷ்மிட் 1974இல் ஹைடன்ஹைமிலேயே பிறந்தவர். நியூரென்பெர்க், ஆகன், மன்ஹைம் என்று பல ஊர்களில் தடுப்பாட்டக்காரராக இருந்துவிட்டு, கடைசியில் சொந்த ஊர் அணிக்கு வந்து ஆட்டத்தை முடித்துக்கொண்டார். 2007 செப்டம்பர் 17 அன்று, அணி அன்று நான்காம் நிலைப் பிரிவாக இருந்த ஓபர்லிகாவில் இருந்தபோது, இடைக்காலப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். இரண்டு ஆட்டங்களுக்குப் பார்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. ஃபிரைபுர்க்கில் ஃபோல்கர் ஃபின்க 16 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்ததே ஜெர்மன் தொழில்முறைக் கால்பந்தில் ஒரே கழகத்தில் நீண்ட பணிக்காலமாக இருந்தது. 2023இல் ஷ்மிட் அதையும் கடந்தார்.

காரணம் அவர் ஒருவர் மட்டுமல்ல. 1994இல், அணி மிகக் கீழ்ப்பிரிவில் ஆடிக்கொண்டிருந்தபோது கால்பந்துத் துறையின் பொறுப்பை ஏற்ற ஹோல்கர் சான்வால்ட், பின்னர் கழகத்தின் தலைவராகவும் தொடர்ந்தார். தொடர்ந்து சில ஆட்டங்களில் தோற்றால் பயிற்சியாளரை மாற்றுவது என்பது இன்று ஐரோப்பா முழுவதும் நிர்வாகங்கள் முதலில் எடுக்கும் நடவடிக்கையாகிவிட்டது. சான்வால்ட் அதைச் செய்யவில்லை. இரண்டாம் பிரிவில் ஒன்பது பருவங்கள் ஆடியபோது இடையில் தடுமாறிய காலங்களும் உண்டு, அப்போதும் செய்யவில்லை. இதைச் சிலர் ஊர்ப்பாசம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் இதை வேலைத்திறன் சார்ந்த முடிவாகவே பார்க்கிறேன். பயிற்சியாளர் மாறாதபோது, எந்த மாதிரியான ஆட்டக்காரர் தேவை என்ற தெளிவும் மாறுவதில்லை. பெரிய கழகங்கள் கைவிட்ட இளைஞர்களையும் கீழ்ப்பிரிவுகளில் ஆடுபவர்களையும் தேடி எடுத்து, ஓயாமல் ஓடி எதிரணியை நெருக்கும் ஒரே ஆட்டமுறைக்குள் பொருத்த முடிகிறது. பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் பாதி அணியை மாற்றும் செலவு, சிறிய கழகத்தால் தாங்க முடியாத செலவு.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1994 ஆகஸ்டில் ஃபெஸ்டன்பெர்க்ஸ்கிரோய்ட் என்ற குக்கிராம அணி, ஜெர்மன் கோப்பையில் பேயர்ன் மியூனிக்கை 1-0 என்று வீழ்த்தியது. அந்த அணியில் இளம் ஷ்மிட்டும் இருந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரல் 6 அன்று, ஹைடன்ஹைம் தன் மைதானத்தில் அதே பேயர்னிடம் இடைவேளையின்போது 0-2 என்று பின்தங்கியிருந்தது. 50ஆம் நிமிடத்தில் செஸ்ஸா ஒரு கோல், அடுத்த நிமிடமே கிளைன்டீன்ஸ்ட் ஒரு கோல், 79ஆம் நிமிடத்தில் மீண்டும் கிளைன்டீன்ஸ்ட், முடிவு 3-2.

கேள்வி: 2023இல் கடைசி நிமிடத்தில் தரமுயர்ந்ததைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். உண்மையில் என்ன நடந்தது?

அதைச் சொல்வதற்கு முன் 2020ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஹைடன்ஹைம் இரண்டாம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்று, புண்டஸ்லிகாவில் கடைசியிலிருந்து மூன்றாம் இடத்தில் முடித்த வெர்டர் பிரேமனோடு, அடுத்த பருவத்தின் புண்டஸ்லிகா இடத்துக்காக இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. கொரோனாக் காலம் என்பதால் பார்வையாளர்கள் இல்லை. பிரேமனில் 0-0, ஹைடன்ஹைமில் 2-2. தோற்காமலேயே, எதிரணி மைதானத்தில் அடித்த கோல்களின் கணக்கில் வாய்ப்புப் போயிற்று.

இப்போது 2023 மே 28. பருவத்தின் கடைசி நாள். முதல் இரண்டு இடங்களில் முடிக்கும் அணிகளே நேரடியாகத் தரமுயரும். டார்ம்ஸ்டாட் 67 புள்ளிகளோடு தரமுயர்வை ஏற்கெனவே உறுதி செய்துவிட்டது. ஹைடன்ஹைமிடம் 64, ஹாம்பர்க்கிடம் 63. ஹாம்பர்க் அணி சாண்ட்ஹவுசனில் 1-0 என்று வென்று 66க்கு வந்தது. ஆகவே ரேகன்ஸ்புர்க்கில் ஆடிக்கொண்டிருந்த ஹைடன்ஹைமுக்குச் சமநிலை பயன்படாது. வென்றே ஆக வேண்டும். அவர்களோ முதலில் 0-2 என்று பின்தங்கி, பிறகு ஒரு கோல் மீட்டு, 90 நிமிடம் முடிந்தபோதும் 1-2 என்ற நிலையில் இருந்தார்கள். சாண்ட்ஹவுசனில் ஆட்டம் முன்னதாகவே முடிந்துவிட்டதால், ஹாம்பர்க் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடத் தொடங்கியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் வாழ்த்தும் சொல்லப்பட்டது. ரேகன்ஸ்புர்க்கில் நடுவர் நீண்ட கூடுதல் நேரம் கொடுத்திருந்தார். அதன் மூன்றாம் நிமிடத்தில் பெஸ்ட பெனால்டியைக் கோலாக்கினார். ஒன்பதாம் நிமிடத்தில் கிளைன்டீன்ஸ்ட் அடித்தார். 3-2. சாண்ட்ஹவுசன் மைதானத்தில் நின்றவர்கள் அச்செய்தியைக் கைப்பேசிகளில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அதே நாளில் டார்ம்ஸ்டாட் ஃபியூர்ட்டில் 0-4 என்று தோற்றதால், இரு அணிகளும் 67 புள்ளிகளில் சமமாகி, கோல் வித்தியாசத்தில் ஹைடன்ஹைம் பிரிவின் சாம்பியனாகவும் ஆயிற்று. அந்தப் பருவத்தில் கிளைன்டீன்ஸ்ட் அடித்தவை 25 கோல்கள். புண்டஸ்லிகா வரலாற்றில் இடம்பெற்ற 57ஆவது கழகம் ஹைடன்ஹைம். அங்கே அது பெற்ற முதல் வெற்றி, 2020இல் வழிமறித்த அதே பிரேமனுக்கு எதிராக 4-2. நாள் 2023 செப்டம்பர் 17, ஷ்மிட் பொறுப்பேற்று சரியாகப் பதினாறு ஆண்டுகள் நிறைந்த நாள்.

கேள்வி: புண்டஸ்லிகாவின் முதல் பருவத்தில் எட்டாம் இடம் பெற்ற ஹைடன்ஹைமுக்கு ஐரோப்பியப் போட்டி எப்படிக் கிடைத்தது?

2023-24இல் லெவர்குசன் லீகையும் ஜெர்மன் கோப்பையையும் சேர்த்தே வென்றது. கோப்பையை வென்ற அணிக்குரிய ஐரோப்பிய இடம் அதற்குத் தேவைப்படாததால் லீக் பட்டியலில் கீழே நகர்ந்தது. அந்த ஆண்டு ஜெர்மனிக்குச் சாம்பியன்ஸ் லீகில் ஐந்தாவது இடமும் கிடைத்திருந்தது. இரண்டும் சேர்ந்து எட்டாம் இடம் வரை வாய்ப்பை நீட்டின. ஐரோப்பியக் கழகங்களின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகில் ஹைடன்ஹைம் எடின்பரோ சென்று ஹார்ட்ஸ் அணியை வென்றது. செல்சி இந்தக் குன்றுக்கு வந்து 2-0 என்று வென்று திரும்பியது.

கேள்வி: அப்படியானால் அடுத்த பருவத்திலேயே ஏன் தடுமாறியது?

2024 கோடையில் அணியின் கோல்களில் பெரும்பகுதியை அடித்த மூவரும் ஒரே நேரத்தில் போய்விட்டார்கள். கிளைன்டீன்ஸ்ட் மன்ஷன்கிளாட்பாக்குக்கும், பெஸ்ட பென்ஃபிகாவுக்கும், பிரேமனிடமிருந்து கடனாக வந்திருந்த டின்க்சி ஃபிரைபுர்க்குக்கும் சென்றார்கள். அதே அளவு ஆட்களோடு வியாழக்கிழமை இரவுகளில் ஐரோப்பாவிலும் ஆட வேண்டியிருந்தது. இதை வெற்றியின் தண்டனை என்று சிலர் எழுதினார்கள்; சிறிய கழகத்தின் நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய கழகங்கள் வாங்கிக்கொள்ளும் சந்தையின் இயல்பு என்றே நான் சொல்வேன். 16ஆம் இடத்தில் முடித்த அணி, தன்னைவிடச் சிறிய ஊரான ஸ்பீசன்-எல்வர்ஸ்பெர்க்கின் இரண்டாம் பிரிவு அணியோடு, புண்டஸ்லிகா இடத்துக்காக மோதியது. முதல் ஆட்டம் 2-2. 2025 மே 26 அன்று நடந்த இரண்டாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் சியென்சா அடித்த கோலால் 2-1 என்று வென்று புண்டஸ்லிகாவில் நீடித்தது. அன்று எல்வர்ஸ்பெர்க் ரசிகர்களின் இடத்தில் இருந்து பார்த்தால், அது 2020இல் ஹைடன்ஹைம் பட்ட அதே வலி.

கேள்வி: இதைவிடச் சிறிய ஊர்களின் அணிகள் புண்டஸ்லிகாவில் ஆடியதுண்டா?

உண்டு. ஹோஃபன்ஹைமைத் தவிர, சார்லாண்ட் மாநிலத்தின் ஹோம்புர்க் 1980களில் ஆடியது. மியூனிக்கை ஒட்டிய உன்டர்ஹாகிங் 1999 முதல் 2001 வரை இரண்டு பருவங்கள் ஆடியது. 2000 மே மாதக் கடைசி ஆட்டத்தில் சமநிலை செய்தாலே பட்டம் என்ற நிலையில் வந்த லெவர்குசனை அவ்வணி 2-0 என்று தோற்கடித்து, பட்டத்தைப் பேயர்னிடம் சேர்த்தது.

கேள்வி: இந்தக் கழகத்தின் வரலாற்றில் ஒரே ஒரு ஆட்டக்காரரைச் சொல்லுங்கள் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

கிளைன்டீன்ஸ்ட் என்று பலர் எதிர்பார்க்கலாம். அவர் பின்னர் ஜெர்மன் தேசிய அணிக்கே ஆடினார். நான் மார்க் ஷ்னாட்டரரைச் சொல்வேன். 2008இல் வந்து 2021 வரை ஆடினார். நெடுங்காலம் அணித்தலைவராக இருந்தார். நான்காம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவு வரை அணியோடு சேர்ந்து ஏறியவர். 2019 ஏப்ரலில் ஜெர்மன் கோப்பைக் காலிறுதியில், மியூனிக்கில் பேயர்னுக்கு எதிராக ஹைடன்ஹைம் இடைவேளையில் 2-1 என்று முன்னிலை வகித்தபோது இரண்டாவது கோலை அடித்தவர் அவரே. அந்த ஆட்டம் 4-4 வரை சென்று, லெவண்டோவ்ஸ்கியின் பெனால்டியால் 5-4 என்று பேயர்னுக்குப் போயிற்று. ஷ்னாட்டரர் கழகத்தைவிட்டுப் போன இரண்டு ஆண்டுகளில் அது புண்டஸ்லிகாவைத் தொட்டது. ஹைடன்ஹைமின் சட்டையில் அவர் அங்கே ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.