புத்தகத்துக்குள் இருக்கும் வேலை உத்தரவு

அண்ணாச்சி, உங்கள் மகன் போன வியாழக்கிழமை என்னைப் பார்க்க வந்தான். அரசுப் பரீட்சைக்காகப் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை விரித்தான். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கொடுத்த வேலை உத்தரவு. "பிரைவேட்டுக்குப் போகவா பி.இ. படிக்க வச்சேன்னு அப்பா சத்தம் போடுவாங்க சார்" என்றான். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பயம் புரிகிறது. வண்ணார்பேட்டைக் கடையில் ஆறு வருஷம் நின்றீர்கள். காய்ச்சலில் ஒரு மாதம் படுத்ததும் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பிரைவேட் என்றால் இதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அதே வீட்டில் மதினி இருபது வருஷமாகப் பீடி சுற்றுகிறார்கள். அதுவும் தனியார் கம்பெனிதான். மூத்தவள் கல்யாணத்துக்கு மதினியின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தைத்தானே எடுத்தீர்கள்? கடைக்குப் போன உங்களுக்கு இல்லாதது, மடியில் தட்டை வைத்து வீட்டிலேயே வேலை பார்த்த அவர்களுக்கு இருந்தது. எந்த வேலையானாலும் கையில் உத்தரவு உண்டா, பி.எஃப். உண்டா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அவன் கொண்டுவந்ததை வரி வரியாகப் படித்தேன். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். பிடிப்பார்கள், கம்பெனியும் அதே அளவு போடும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடும் உண்டு. ஒழுங்காகச் சந்தா கட்டியிருந்தால், உங்களைப் போல நோயில் படுத்தாலும் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். ஒரு வரி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வருஷம் டிரெய்னி என்று இருக்கிறது, அதன் பிறகு என்ன என்று இல்லை. எச்.ஆரிடம் மெயிலில் கேட்டு எழுத்தாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

சரி, நீங்கள் நம்பியிருக்கும் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சைக்கு வருவோம். 2024-இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அறிவித்த கணக்குப்படி ஒரு இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் நின்றார்கள். நம்ம பையன் கெட்டிக்காரன், அவனுக்குக் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருஷமாகப் பாளையங்கோட்டை நூலகமே கதியென்று இருக்கிறான். "என்ன வேலை பாக்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இந்த வருஷம் அம்மன் கோயில் கொடைக்குக்கூட அவன் தலை காட்டவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

வேலைக்குப் போனால் பரீட்சை எழுதக்கூடாது என்று யார் சொன்னது? பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு இளநிலை உதவியாளர் பதவிக்கு 34 வயதுக்குள் என்ற வரம்பு கிடையாது. 24 வயதில் அவசரம் எதற்கு? இருநூறு கேள்வியில் நூறு தமிழ். அதை இரண்டு தடவை முடித்துவிட்டான். ஷிப்ட் முடிந்து வந்து தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் விட்டுப்போகாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். இன்னும் இரண்டு குரூப் 4 எழுதட்டும், கையில் சம்பளத்தோடு எழுதட்டும்.

அப்புறம், ஐந்து லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் உங்களிடம் வந்தாராமே. குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது அண்ணாச்சி. மதிப்பெண், சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். அவரை நம்பி வயலை அடகு வைத்துவிடாதீர்கள்.

திங்கள்கிழமைக்குள் கம்பெனிக்கு அவன் பதில் அனுப்ப வேண்டும். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், அந்தத் தாளை எடுத்துட்டு வா என்று நீங்களே கேளுங்கள். மதினியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். விவரம் உங்கள் வீட்டில் அவர்களுக்குத்தான் தெரியும்.