பிறந்த குழந்தையின் உதரவிதான ஓட்டை: கீ-ஹோலா, திறந்து செய்வதா?

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் இருக்கும் ஓட்டையை, தழும்பு இல்லாமல் கீ-ஹோலில் (சிறு துளைகள் வழியாக) அடைத்து முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தை இப்போது வென்டிலேட்டரில் இருக்கும். ஓட்டை இடப்பக்கமாக இருக்கும், நூற்றில் 80-க்கு மேல் அப்படித்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

தழும்பை விடுங்கள். முதல் நாளே ஆபரேஷன் என்ற அவசரமும் வேண்டாம். குடல் மார்புக்குள் ஏறியதால் கருவிலேயே நுரையீரல் வளராமல் போயிருக்கும். அதன் ரத்தக்குழாய்களில் ஏறும் அழுத்தம்தான் உயிரை எடுக்கிறது, ஓட்டை அல்ல. வென்டிலேட்டரில் கொடுக்கும் ஆக்சிஜன் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதே வலது கையில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 85 முதல் 95 சதவீதம், லாக்டேட் (உடலுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) 3-க்குக் கீழ், கிலோவுக்கு மணிக்கு 1 மில்லிக்கு மேல் சிறுநீர், சீரான ரத்த அழுத்தம். இத்தனையும் தேறட்டும்.

கீ-ஹோலைப் பெரும்பாலும் மார்பு வழியாகத்தான் செய்வார்கள். இடப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, தோள்பட்டை எலும்பின் நுனிக்குக் கீழே கேமரா, இருபுறமும் 3 மி.மீ. கருவிகள். கார்பன் டை ஆக்சைடை 3 முதல் 5 மி.மீ. பாதரச அழுத்தத்தில் மெதுவாக விட்டால் குடல் கொஞ்சம் தானே இறங்கும். மீதியைத் தள்ள வேண்டும். மண்ணீரலைக் கடைசியாக, கருவியால் கவ்வாமல் மெல்லத் தள்ளி இறக்க வேண்டும்; கிழிந்தால் ரத்தம் கொட்டும்.

வம்பு பிடித்த இடம் பின்பக்க வெளி மூலை. அங்கே பல குழந்தைகளுக்குத் தசை விளிம்பே இருக்காது. கரையாத நூலை விலா எலும்பைச் சுற்றி எடுத்து, தோலுக்கடியில் முடிச்சுப் போட வேண்டும். விளிம்புகள் எட்டாதபோது இழுத்துக் கட்டினால் பிய்த்துக்கொள்ளும். அங்கே கோர்-டெக்ஸ் பேட்ச்தான் (செயற்கைத் துணி போன்ற ஒட்டு), அதையும் விறைப்பாக அல்ல, தளர்வாக. கீ-ஹோலில் ஓட்டை மறுபடி திறப்பது கூடுதலாக இருப்பதற்கு இந்த மூலை ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது அந்த வாயு. அது ரத்தத்தில் கலக்கும். சின்ன நுரையீரலால் வெளியேற்ற முடியாமல் ரத்தம் அமிலமாகும். 2013-இல் வெளியான லண்டன் ஆய்வில், சிறியதுதான் என்றாலும், இது தெளிவாகவே தெரிந்தது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு ஏறினால் வாயுவை நிறுத்த வேண்டும். அளவு இறங்காவிட்டால் கீ-ஹோலை விட்டுத் திறந்து செய்துவிட வேண்டும். அது தோல்வி இல்லை.

கீ-ஹோலுக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரைப்பையும் கல்லீரலும் வயிற்றிலேயே இருந்து, சாதாரண வென்டிலேட்டரில் நிலையாக இருக்கும் குழந்தைக்கு அது நல்ல வழி. வயிற்றைத் திறக்காததால் பின்னாளில் குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பதும் குறைவு. எக்மோவில் (உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரத்தில்) இருக்கும் குழந்தைக்குக் கீ-ஹோல் கேட்காதீர்கள்.

சம்பந்தமில்லாத ஓர் ஆதங்கம்: டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஓட்டை சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பேட்ச் வைத்தார்களா, எந்த அளவு, குடல் சுழற்சி (குடல் வயிற்றுக்குள் திரும்பி அமைந்திருக்கும் விதம்) எப்படி இருந்தது, ஒன்றும் இருக்காது. நச்சரித்தாவது எழுதி வாங்குங்கள். வீட்டுக்குப் போன பிறகு பச்சையாக வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரியானாலும் அந்தக் காகிதத்தோடு கிளம்புங்கள்.