இணையவழிக் கல்லூரியில் உதவி கேட்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நானும் இணையவழியில்தான் பட்டம் முடித்தேன். இப்போது அப்படிப் படிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, "கணக்கு புரியவில்லை" என்று ஆசிரியருக்கு மெயில் போட்டேன். "பாடத்தை மறுபடி பாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்வது?

வகுப்பறையில் நீங்கள் முழிப்பதை வைத்தே ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். இங்கே அவர் கையில் இருப்பது உங்கள் மெயில் மட்டும். அதனால் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அதிலேயே காட்டுங்கள். தலைப்பில் பாடத்தின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். "3ஆம் கணக்கில் இரண்டாவது வரி வரை வந்துவிட்டேன், அடுத்த வரியில் குறி ஏன் மாறுகிறது என்று தெரியவில்லை" என்று எழுதி, போட்டுப் பார்த்த தாளைப் படமெடுத்து இணையுங்கள். இப்படிக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். அப்படியும் தீரவில்லையா? மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கிய நேரம் பாடத்திட்டத்தின் முதல் பக்கங்களில் இருக்கும். அந்த வீடியோ அழைப்புக்குப் போங்கள். பல வாரம் அங்கே ஒருவர்கூட வருவதில்லை, தயங்கவே வேண்டாம்.

வேலை முடித்து இரவு 11 மணிக்குத்தான் படிக்க உட்காருகிறேன். அந்நேரம் யார் இருப்பார்கள்?

நூலகர்! பல கல்லூரி நூலகங்கள் கூட்டாகச் சேர்ந்து இரவிலும் சாட்டில் பதில் சொல்கின்றன. கட்டுரைக்கு ஆதாரம் தேட இவர்களைவிட நல்ல துணை கிடையாது. கணக்குக்கு கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளம் இருக்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் 2012 முதல் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது.

எனக்குப் பார்வைக் குறைபாடு. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பிரிவில் பருவம் தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள். எழுதி முடித்த தேர்வுக்குப் பின்னால் போய்ச் சலுகை வாங்குவது மிகக் கடினம்.

தனியாகப் படிக்கவே முடியவில்லை.

பெரிய குழு தேட வேண்டாம், ஒரே ஒரு சக மாணவர் போதும். கேமராவைப் போட்டு, மைக்கை அணைத்து, 25 நிமிடம் அவரவர் பாடம், 5 நிமிடம் பேச்சு. எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

மூன்று வாரம் பின்தங்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அப்படியே விட்டுவிடட்டுமா அக்கா?

தயவுசெய்து சத்தமில்லாமல் நிறுத்திவிடாதீர்கள். லாகின் செய்யாமல் இருப்பதாலேயே பாடத்திலிருந்து விலகியதாகப் பல கல்லூரிகள் எடுத்துக்கொள்வதில்லை. அங்கே கட்டணமும் பாக்கியாக நிற்கும், தோல்வி மதிப்பெண்ணும் ஏறும். முறையாக விலக ஒரு கடைசித் தேதி உண்டு. மீதி வேலையைப் பிறகு முடித்துத் தர அனுமதிக்கும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. கல்வி உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால், விலகுவதற்கு முன் அந்தப் பிரிவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தூக்கமும் பசியும் போயிருந்தால் கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசர உதவி எண்ணை அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிடுங்கள்.

சரி, இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் கல்வி ஆலோசகருக்கு இப்படி எழுதுங்கள்: "மூன்று வாரம் பின்தங்கிவிட்டேன். எனக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? இந்த வாரம் பேச முடியுமா?" காரணத்தை நேரில் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம்.