கச்சா எண்ணெய், கச்சாப் பாட்டு

கேள்வி: பீட்டில்ஸ் மாதிரி ராக் குழுக்கள் மெருகேற்றி வெளியிட்ட ஆல்பங்களைவிட, ஸ்டுடியோவில் ஒதுக்கிப்போட்ட கச்சாப் பதிவுகள்தான் எனக்குப் பிடிக்கின்றன. ஏன்?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை.

பதில்: தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ‘கச்சா’ என்று எழுத உங்களுக்குத் தைரியம்தான். கச்சா எண்ணெய் காய்ச்சும் மணலி ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. காற்று திரும்பினால் மூக்குக்கே வந்துவிடும். அந்த ஆலை ஓடத் தொடங்கியது 1969-ல். நீங்கள் உருகும் சரக்கை பீட்டில்ஸ் லண்டனில் மணிக்கணக்காகப் பதிந்து குவித்ததும் அதே ஆண்டு ஜனவரியில்தான். பெட்ரோல் ஊருக்கெல்லாம் போகிறது, புகை நமக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்து வலையிலும் படகிலும் அப்பியதே, அதற்கு ரசிகர் மன்றம் ஏதும் நான் பார்க்கவில்லை.

சரி, பாட்டு. அந்த ஜனவரியில் எடுத்த காட்சிகளை வைத்து 2021-ல் பீட்டர் ஜாக்சன் வெளியிட்ட ‘கெட் பேக்’ ஆவணப்படத்தில், பீட்டில்ஸ் நால்வரில் லெனன் இன்னும் வந்து சேராத ஒரு காலை. மெக்கார்ட்னி பேஸ் கிதாரை அடித்துக்கொண்டு ஏதோ முனகுகிறார். ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். சில நிமிடங்களில் முனகல் பாட்டாகிவிடுகிறது. ஆல்பத்தில் பாட்டு கிடைக்கும், கொட்டாவி கிடைக்காது. உங்களுக்குப் பிடித்தது அந்தக் கொட்டாவி.

ஆனால் ரொம்பவும் நம்பாதீர்கள். ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ பாட்டின் தலையில் 1970-ல் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், மெக்கார்ட்னிக்குத் தெரியாமல், வயலின் கூட்டத்தையும் பெண்கள் கோரஸையும் கொட்டினார். அதையெல்லாம் உரித்து 2003-ல் ‘லெட் இட் பீ... நேக்கட்’ ஆல்பம் வந்தது. வெவ்வேறு டேக்குகளை ஒட்டி, இடையில் பேசிய பேச்சை வெட்டி, குளிப்பாட்டிப் பவுடர் போட்ட நிர்வாணம்! ஜாக்சன் படத்திலும் கலங்கிக் கிடந்த டேப்பிலிருந்து குரலையும் கிதாரையும் பிரித்துக் கொடுத்தது கம்ப்யூட்டர். நம் கச்சாவும் ஆலைச் சரக்குதான்.

என் பழைய சண்டை வேறு. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானாவில் தொண்டை கம்மும், தாளம் தப்பும், நடுவே யாராவது ஓவென்று அழுவார்கள். எல்லாம் சேர்ந்ததுதான் பாட்டு. கானாவை சினிமாவுக்குத் தூக்கிப்போனவர்கள் கம்மலுக்கு மென்பொருளில் சுருதி சேர்த்து, அழுகைக்கு ‘ஹம்மிங்’ வைத்தார்கள். முன்பு இதை எழுதியபோது வந்த கண்டனக் கடிதங்களில் எல்லாம் தி. நகர் முத்திரை. இந்த முறை மயிலாப்பூரையும் எதிர்பார்க்கிறேன்.