கசியவில்லை என்றால் போதுமா?

கேள்வி: சென்னையில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையில் ஃபெலோவாக, அதாவது மேற்பயிற்சி பெறும் டாக்டராக இருக்கிறேன். ஆறு மாதம் ஆய்வகத்தில் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும்போது நான் மைக்ரோஸ்கோப்பில் கோழித்தொடை ரத்தக்குழாயைத் தைக்கிறேன். தினமும் ஐந்து தைத்து, உப்புநீர் செலுத்திப் பார்ப்பேன். கசியாவிட்டால் குப்பையில் போட்டுவிட்டு, குழந்தை தூங்குவதற்குள் வீட்டுக்கு ஓடுவேன். தலைவரிடம் சொல்லி விலகிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது, தம்பி. தியேட்டர் எங்கும் ஓடிப்போகாது. என்னை உறுத்துவது அந்தக் குப்பைக்கூடைதான். கசியாத தையல் நல்ல தையல் என்று யார் சொன்னது? முன் சுவரைத் தைக்கும் ஊசி பின் சுவரையும் சேர்த்துக் கோத்துவிட்டால் சொட்டுக்கூடக் கசியாது. பாதி அடைத்த குழாயிலும் உப்புநீர் போய்விடும். ஆனால் ரத்தம் அங்கேயே உறைந்து நிற்கும். உயிருள்ளவர் கொடுக்கும் கல்லீரலில் நீங்கள் தைக்கவேண்டிய கல்லீரல் தமனி பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்தான். அது அடைத்தால் பித்தநாளம் அழுகும், ஏனென்றால் அதற்கு ரத்தம் தருவது அந்தத் தமனிதான். பிறகு மறுபடி ஒரு கல்லீரல் தேட வேண்டிவரலாம். அப்பாவுக்காகத் தன் வயிற்றைக் கிழிக்கக் கொடுத்த மகனிடம் அப்போது என்ன சொல்வீர்கள்? 2008-ல் ஹிதேந்திரனின் பெற்றோர், இருவருமே டாக்டர்கள், மூளைச்சாவடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளுக்கு நீங்கள் கடன்பட்டவர்.

இனி தைத்த குழாயைத் தூக்கிப் போடாதீர்கள். தையலுக்கு இருபுறமும் கொஞ்சம் விட்டு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, விரித்துப் போட்டு மைக்ரோஸ்கோப்பில் உள்பக்கத்தைப் பாருங்கள். பின் சுவர் மாட்டியிருக்கிறதா, வெளியுறை நார் உள்ளே நுழைந்திருக்கிறதா, உள்சுவர் கிழிந்திருக்கிறதா, இடைவெளி சீராக இருக்கிறதா? பார்த்ததை அன்றே நோட்டில் எழுதுங்கள். பின் சுவர் அடிக்கடி மாட்டினால், முதல் இரண்டு தையலை நேரெதிரே போடாமல் 120 பாகை இடைவெளியில் போடுங்கள். பின் சுவர் தானே தளர்ந்து விலகும். கடைசி இரண்டு மூன்று இழைகளை முடிச்சிடாமல் விட்டு, உள்ளே எட்டிப் பார்த்த பிறகு முடியுங்கள். இதில் தேறாமல் எலியின் 1 மில்லிமீட்டர் தொடைத் தமனிக்கும் மிக மெல்லிய 10-0 நூலுக்கும் போகாதீர்கள்.

குழந்தை தூங்குமுன் வீடு போக நினைப்பது சரி. அப்பாவாக அது உங்கள் கடமை, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதனால் ஐந்து வேண்டாம். இரண்டு தையுங்கள், இரண்டையும் பிளந்து பாருங்கள். ஒரு மாதம் கழித்து நோட்டைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். விலகுவதைப் பற்றி அன்றைக்குப் பேசலாம்.