அக்னி நட்சத்திரம் முடிந்தால் சென்னையில் வெயில் குறைந்துவிடுமா?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலாகி ஏப்ரலில் சென்னைக்குக் குடிவருகிறோம். வட கடலோர மாவட்டங்களில் கோடையின் தொடக்கம் எப்படி இருக்கும்? அக்னி நட்சத்திரம் வரை தாக்குப்பிடித்தால் போதுமா?

போதாது. பல வருஷங்களில் அதற்கப்புறம்தான் உச்சமே வரும். பஞ்சாங்கப்படி கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28, 29-இல் முடிந்துவிடும். சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. கத்திரி கழிந்து, ‘அப்பாடா’ என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரம்.

சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்பது ஏப்ரல் 24, 25 வாக்கில். வெயிலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அப்போதுதான் ஊர் அதிகம் காய வேண்டும். ஆனால் ஏப்ரலில் பகல் வெப்பம் சராசரியாக 35-ஐ ஒட்டித்தான் இருக்கும். மே மாதம் 37-க்குப் போகும். காரணம், இந்தக் கரையில் பகலின் சூட்டைத் தீர்மானிப்பது கடல்காற்று எத்தனை மணிக்குக் கரையேறுகிறது என்பதுதான். பழவேற்காட்டிலிருந்து மாமல்லபுரம் தாண்டிப் புதுச்சேரி வரை இதே கதைதான்.

மார்ச், ஏப்ரலில் காற்று பொதுவாகவே தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். காலையில் தரை கொஞ்சம் சூடேறியதுமே கடல்காற்று சுலபமாக உள்ளே நுழைந்துவிடும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெப்பமானி ஏறுவதை நிறுத்திவிடும். பதிலுக்கு ஈரம் வரும். 34 டிகிரிதான் காட்டும், சட்டை முதுகில் ஒட்டும். இரவு பத்து மணிக்கும் வியர்க்கும். கோவையிலிருந்து வருகிறவர்களை முதலில் அசரவைப்பது இந்தப் புழுக்கம்தான், வெயில் அதற்கு அடுத்துதான்.

மே நடுவில் ஆட்டம் மாறும். தென்மேற்குப் பருவமழை கேரளாவை நெருங்க நெருங்க மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, வலுக்கும். உங்கள் ஊரில் மே கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சிலுசிலுவென்று வருமே, அந்த மேல்காற்று தான் இங்கே வில்லன்! மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, மலைக்கு இந்தப் பக்கம் இறங்கும்போதே சூடேறி, காய்ந்து கிடக்கும் உள்மாவட்டங்களைக் கடந்து வந்து சேரும்போது அடுப்படிக் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் அறையும். அது கடல்காற்றைக் கரையிலேயே மறித்து நிறுத்திவிடும். இரண்டு மணி, மூன்று மணி வரை கடல்காற்று வராவிட்டால் 40-ஐத் தாண்டுவது நிச்சயம். சில நாள் வரவே வராது.

இதனால்தான் ஒரே நாளில் நுங்கம்பாக்கம் வானிலை நிலையம் ஒன்று சொல்லும், மீனம்பாக்கம் நிலையம் வேறு சொல்லும். மீனம்பாக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் காற்று தாமதமாகச் சேரும். ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டுவது வழக்கம். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் நேரமாகும். திருத்தணிக்கு அது எட்டுவதற்குள் பகல் முடிந்துபோயிருக்கும். 40-ஐத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணி தவறாமல் நிற்பது அதனால்தான். வேளச்சேரியில் வீடு பார்ப்பவர் திருவள்ளூர் வெப்பநிலையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் 40 டிகிரி மேல்காற்று நாள் தேவலை. வியர்வை உடனே காயும், மாடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். என் வீட்டில் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

மே மாதத்து வங்கக்கடல் புயல்களை நம்பி இருக்காதீர்கள். 2016-இல் ரோனு கரையை ஒட்டியே வடக்கே நகர்ந்ததால் மே நடுவில் நல்ல மழை கிடைத்தது. 2019-இல் ஃபானி தமிழகக் கரைப் பக்கம் வரும் என்று காத்திருந்தோம். அது திரும்பி ஒடிசாவுக்குப் போய், மே 3 அன்று பூரி அருகே கரையைக் கடந்தது. ஏரிகள் வறண்டு கிடந்த வருஷம் அது. புயல் வடக்கே போய்விட்டால் வெறும் ஏமாற்றத்தோடு நிற்காது. அது மேற்கிலிருந்து காய்ந்த காற்றை நம் தலைக்கு மேல் இழுத்துவிடும், அடுத்த சில நாள் வெயில் கூடும்.

நல்ல செய்தி ஜூனில் இருக்கிறது. பகல் அப்போதும் சுடும், ஆனால் பிற்பகலில் சித்தூர், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் இடிமேகங்கள் திரளும். மேலடுக்கு மேல்காற்று அவற்றைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். வழியில் உள்ளே நுழைந்த கடல்காற்றின் ஈரம் கிடைத்தால் மேகம் புதுசாக உயிர்பெற்று, ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு இடியும் மழையுமாக நகரத்தில் இறங்கும். கிடைக்காவிட்டால் பூந்தமல்லியோடு கரைந்துவிடும். மின்னல் மட்டும் தெரியும். ராத்திரி இறங்கும் மழை சிலசமயம் விடிய விடியக் கொட்டும். 2023 ஜூன் 19 அன்று அப்படித்தான் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கோடை விடுமுறை முடிந்து திறந்த ஒரு வாரத்தில் மழை விடுமுறை!

வீடு பார்க்கும்போது இரண்டு விஷயம். கிழக்கிலோ தென்கிழக்கிலோ ஜன்னல் இருக்கிறதா, பக்கத்துக் கட்டடம் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம் வாடகை குறைவாகக் கிடைக்கும், எடுக்காதீர்கள். பகலெல்லாம் குடித்த சூட்டை அந்தக் கூரை நடுராத்திரி வரை உங்கள் மேல் இறக்கும். வாடகையில் மிச்சம் பிடித்ததை ஏசிக்கான மின்கட்டணம் விழுங்கிவிடும்.